ஆறாம் வகுப்பில் பதினோரு பெண்கள்

பரிசளிப்பு விழா மலருக்குப் பள்ளியின் பழைய வரலாற்றை எழுதித் தரும்படி தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். வரலாறு என்றால் கட்டடம் கட்டிய ஆண்டு, திறந்து வைத்தவரின் பெயர், தலைமையாசிரியர்களின் வரிசை என்றுதான் வழக்கமாக எழுதுவோம். அவையெல்லாம் முந்தைய மலர்களில் வந்துவிட்டன. ஆகவே 1969-ஆம் ஆண்டு இப்பள்ளியில் ஆறாம் வகுப்புப் படித்த பதினோரு பெண் பிள்ளைகளைப் பற்றி எழுதலாம் என்று துணிந்தேன். அவர்களில் நானும் ஒருத்தி.

முதலில் மாணவ மணிகள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெண் பிள்ளை பள்ளிக்கு வருவது என்பது இந்நாட்டில் சும்மா கிடைத்துவிடவில்லை. 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதிலிருந்துதான் மலாயாவின் தமிழ்க் கல்வியைக் கணக்கிடுகிறோம். அதற்கு 71 ஆண்டுகள் கழித்து, 1887 ஆகஸ்டு 15-ஆம் நாள், சிங்கப்பூர் ஷார்ட் தெருவில் ஒரு கடைவீட்டு அறையில் ஒன்பது இந்தியச் சிறுமிகளை வைத்து ஒரு பள்ளி தொடங்கினார் சோபியா பிளாக்மோர் அம்மையார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மெதடிஸ்ட் சமயப் பணியாளர் அவர். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. 'தமிழ்ப் பெண்கள் பள்ளி' என்று தொடங்கிய அதுதான் பின்னாளில் பெயர் பெற்ற மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியாக வளர்ந்தது. மறு ஆண்டே தெலுக் ஆயர் வட்டாரத்திலும் ஒரு பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கேட்க வேண்டியிருந்தது. பெண் படித்து 'மாக்கான் காஜி' பண்ணவா போகிறாள் என்பதே அன்றைய பெற்றோரின் எண்ணம். இனம் எதுவானாலும் எண்ணம் ஒன்றுதான்.

தோட்டத்தில் இது இன்னும் மெதுவாகத்தான் வந்தது. ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டம் பள்ளியைக் கொடுத்தது. பெண் பிள்ளையை யார் அனுப்புவது? விடியுமுன் அம்மாவும் அப்பாவும் பெரட்டுக்குப் போய்விட்டால் தம்பி தங்கையை யார் பார்ப்பது? 1962-இல் தொடக்கக் கல்வி இலவசமான பிறகும் எங்கள் லயத்தில், "பொட்டப் புள்ளைக்குப் பேரு எழுதத் தெரிஞ்சா போதும்" என்ற பேச்சு ஓயவில்லை. முதலாம் வகுப்பில் எங்களோடு சேர்ந்த சில பெண்கள் நான்காம் வகுப்போடு ஆயாக்கொட்டகைக்கும் வீட்டு வேலைக்கும் போய்விட்டார்கள். பதினோரு பேர் ஆறாம் வகுப்பு வரை வந்ததே அந்நாளில் பெரிய காரியம்.

எங்கள் வகுப்பாசிரியை மட்டும், "படிங்கடி, படிச்சா வேலை. இனிமே ஆம்பளைக்குச் சமமா சம்பளம் வரப்போகுது" என்று ஓயாமல் சொல்வார். அவர் வெறுமனே சொல்லவில்லை. அதுவரை ஒரே வேலை பார்த்தாலும் ஆசிரியைக்கு ஆசிரியரைவிடச் சம்பளம் குறைவு. 1960-இல் அமைந்த பெண் ஆசிரியர் சங்கத்தின் தலைவியாக இருந்து திருமதி ராசம்மா பூபாலன் அதை எதிர்த்துப் போராடினார். ராணி ஜான்சி படையில் பயிற்சி பெற்றவர் அல்லவா! அரசு ஊழியத்தில் உள்ள பெண்களுக்குச் சம ஊதியம் படிப்படியாக நடைமுறைக்கு வரத் தொடங்கியது அந்த 1969-இல்தான்.

அந்த ஆண்டு ஜூலை மாதம் பட்டணத்திலிருந்து படக்காரர் வந்து எங்களைப் படம் பிடித்தார். முன் வரிசையில் ஐந்து பேர் பெஞ்சில்; பின்வரிசையில் ஆறு பேர் நின்றுகொண்டு. இரண்டு பேர் காலில் சப்பாத்து இல்லை; அவர்களைப் பின்வரிசையில் நிறுத்தினார் ஆசிரியை. அப்போது எனக்கு அது விளங்கவில்லை. இப்போது அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மாளின் மனசு தெரிகிறது.

நாங்கள் எல்லாரும் 1957-இல் பிறந்தவர்கள். மெர்டேக்கா பிள்ளைகள் என்று துரை வீட்டு விருந்தில்கூடப் பெருமையாகச் சொன்னார்களாம். ஆனால் அந்த ஒரே ஆண்டுக்குள் ஒரு கோடு ஓடியது எங்களுக்குத் தெரியாது. 1957 ஆகஸ்டு 31-ஆம் நாளோ அதற்குப் பிறகோ இங்கே பிறந்த எங்களைப் போன்றவர்கள் சட்டப்படியே குடிமக்கள். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு இங்கே பிறந்தது மட்டும் போதாது. பெற்றோரின் பிறப்பும் குடியுரிமையும் பார்க்கப்பட்டன. மாசி மாதம் பிறந்தவளும் ஐப்பசி மாதம் பிறந்தவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே சிலேட்டில் கணக்குப் போட்டோம். ஒருத்தி இந்நாட்டுப் பிரஜை, ஒருத்தி இல்லை.

1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக்கூடாது. 1969-இல் அது தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த பெரியவர்கள் பலர். "நாளைக்கு எழுதிப் போடலாம்" என்று இருந்தவர்கள், பிறப்புப் பத்திரத்தைத் தொலைத்தவர்கள், மனு எழுதிக் கொடுக்க ஆள் இல்லாதவர்கள். முப்பது ஆண்டு பால் வெட்டிய கைக்குப் பெர்மிட் இல்லை என்றார்கள். நாடு முழுவதும் ஏறக்குறைய 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பிப் போனார்கள் என்று வரலாறு சொல்கிறது.

அந்த 60,000 என்ற எண் எங்கள் வகுப்பில் நான்கு பெண்களாக வந்தது. பள்ளி மூடுவதற்குள் மூன்று பேர் போய்விட்டார்கள். மறு ஆண்டு இன்னொருத்தி. பெற்றோர் போகும்போது பிள்ளை மட்டும் இங்கே தங்க முடியுமா? அந்த நால்வரில் ஒருத்தி நவம்பரில் பிறந்தவள். அவள் இந்நாட்டுக் குடிமகள்தான். அவளும் தகரப் பெட்டியோடு லாரியில் ஏறி, போர்ட் சுவெட்டன்ஹாமில் ரஜூலா கப்பலுக்குப் போனாள். பார்த்தே இராத ஊருக்கு அவள் 'திரும்பி'ப் போனாள்! லாரி ஏறும்போது என்னிடம் தன் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்து, "வாத்தியாரம்மாகிட்ட குடுத்துடு, பள்ளிக்கூடத்துப் புஸ்தகம்" என்றாள். அவள் பேசி நான் கேட்ட கடைசி வார்த்தை அதுதான். ரஜூலா கப்பலும் 1973-இல் ஓய்ந்துவிட்டது.

எஞ்சியவர்கள் ஏழு பேர். இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வை அரசாங்கம் நீக்கி, 1965 முதல் படிவம் மூன்று வரை எல்லாரும் படிக்கலாம் என்று ஆக்கியிருந்தது. கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் பட்டணத்துப் பெண்கள் பள்ளிக்குப் போய்வர பஸ் காசு வேண்டும். வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை வேண்டும். மூன்று பேர்தான் புகுமுக வகுப்புக்குப் போனோம். ஒருத்தி அந்த ஆண்டே நின்றுவிட்டாள். இன்னொருத்தி 1973-இல் எல்.சி.ஈ. தேறாமல், சுங்கைவேயில் புதிதாக வந்த எலக்ட்ரானிக் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். 1975-இல் படிவம் ஐந்து முடித்தவள் நான் ஒருத்திதான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. என்னைவிட நன்றாகக் கணக்குப் போட்டவர்கள் அந்தப் படத்தில் நாலு பேராவது இருக்கிறார்கள்.

மற்ற நால்வரும் பால்மரத்துக்குப் போனார்கள். பிறகு கித்தா மரம் போய்ச் செம்பனை வந்தது; தோட்டங்கள் துண்டுபட்டன; லயங்கள் இடிந்தன. சுதந்திரத்தின்போது 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்துவிட்டன. நம் பள்ளி பிழைத்தது நம் பெற்றோர்களின் புண்ணியம். ஆனால் எங்கள் காலத்து வருகைப் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது.

இக்கட்டுரைக்காக அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. யோசித்து யோசித்துப் பார்த்தும் மூன்று பேருடைய பெயர் நினைவுக்கு வரவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. கடைசியில், மூன்றாவது லயத்தில் குடியிருந்த என் பழைய தோழியைத் தேடிப் போனேன். ஆறாம் வகுப்போடு நின்று முப்பது ஆண்டுக்கு மேல் மங்கு துடைத்துப் பால் எடுத்தவள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தில் விரலை வைத்தாள். "இவ ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்து வீடு. இவ அப்பாவுக்குக் கால் நொண்டி. இவதான் நல்லாப் பாடுவா, இந்தியாவுக்குப் போயிட்டா." பதினோரு பேரையும், அப்பா பெயரோடு, லயத்தோடு, ஒரு தடங்கலும் இல்லாமல் சொல்லி முடித்தாள். "தெனமும் மரத்துக்கு மரம் போறப்போ எல்லாரையும் நெனச்சுக்குவேன், வேற என்ன வேலை?" என்று சிரித்தாள். எங்கள் வகுப்பின் பதிவேடு அவளிடம்தான் இருந்திருக்கிறது.

அவள் சொல்லச் சொல்லப் படத்தின் பின்னால் எழுதிவிட்டேன். அதைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்திருக்கிறேன். அந்தத் தோழியின் பேத்தி இவ்வாண்டு கணிதத்தில் முதற்பரிசு பெறுகிறாள். பாட்டியும் விழாவுக்கு வருகிறாள்.

பெற்றோர்களே, இன்று உங்கள் பிள்ளைகளும் வகுப்போடு படம் எடுத்துக்கொள்வார்கள். கைத்தொலைபேசியில் நூறு படம் எடுத்தாலும் ஒன்றையாவது தாளில் போட்டு, பின்னால் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் தகப்பன் தாய் பெயரையும் எழுதி வையுங்கள். மாணவிகளே, பரிசு வாங்கியவள் பெயரை மேடையில் படிப்பார்கள். பள்ளி மலரிலும் போடுவார்கள். வாங்காதவள் பெயரை நீங்கள்தான் எழுத வேண்டும்.