மரை பழுதுநீக்கத்தின் வரலாறு: கார் எஞ்சினும் கம்பிச் சுருளும்

போல்ட்டின் உடலிலும் அது இறங்கும் துளையின் சுவரிலும் சுருளாக வெட்டப்பட்டுள்ள மேடுபள்ளங்களே மரை எனப்படும். கார் எஞ்சினில் சிலிண்டர் ஹெட், ஸ்பார்க் பிளக், ஆயில் சம்ப் மூடி போன்ற பல உறுப்புகளை மரைகளே பிடித்து வைத்திருக்கின்றன. துளையின் மரை சிதைந்துவிட்டால் போல்ட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். பட்டறைகளில் இதை ‘மரை போய்விட்டது’ என்பார்கள்.

போல்ட்டின் மரை போனால் வேறு போல்ட் வாங்கிப் போடலாம். துளையின் மரை போனால், அத்துளை உள்ள வார்ப்பு முழுவதையும் மாற்ற வேண்டிய நிலை வரும். விரல் நுனி அளவுள்ள ஒரு துளைக்காக ஒரு சிலிண்டர் ஹெட்டையே கழித்துவிட வேண்டுமா என்ற கேள்விக்குப் பொறியாளர்கள் கண்ட விடைகளின் வரலாறு சுவையானது.

பொது அளவு உருவான காலம்

18-ஆம் நூற்றாண்டின் இறுதி வரை மரைக்குப் பொது அளவு கிடையாது. ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி மரை வெட்டியது. ஒரு போல்ட்டுக்கென்று செய்த நட்டு மற்றொரு போல்ட்டில் ஏறாது. ஏறக்குறைய 1800-இல் லண்டனைச் சேர்ந்த ஹென்றி மாட்ஸ்லி, ஒரே அளவான மரையைத் திரும்பத் திரும்பத் துல்லியமாக வெட்டும் கடைசல் எந்திரத்தை உருவாக்கினார். அவரது பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், பிற்காலத்தில் பல பட்டறைகளின் போல்ட்டுகளைத் திரட்டி அளந்து, 1841-இல் ஒரு பொது அளவு முறையை முன்மொழிந்தார். அதில் மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் 60 பாகைக் கோணமுள்ள வேறொரு முறையை முன்வைத்தார். ஐரோப்பாவில் 1898-ஆம் ஆண்டு சூரிச் மாநாட்டில் மெட்ரிக் மரைக்கும் 60 பாகையே ஏற்கப்பட்டது.

பொது அளவு வந்த பிறகே பழுதுநீக்கமும் ஒரு முறையான வேலையாக மாற முடிந்தது. மரை போன துளையைச் சற்றுப் பெரிதாகத் துளைத்து, அடுத்த அளவு மரை வெட்டி, பெரிய போல்ட் போடுவது ஒரு வழி. துளையைப் பெரிதாக்கி, அதில் ஓர் உலோகக் கட்டையைத் திருகி இறுக்கி, அந்தக் கட்டையின் நடுவே பழைய அளவில் புதிய மரை வெட்டுவது மற்றொரு வழி. வார்ப்பிரும்பு எஞ்சின்களில் சுவர் தடிப்பாக இருந்ததால் இவை பெரும்பாலும் போதுமானவையாக இருந்தன.

அலுமினியம் கொண்டுவந்த சிக்கல்

1886-இல் அமெரிக்காவின் சார்லஸ் ஹாலும் பிரான்சின் பால் ஏருவும் தனித்தனியே கண்டுபிடித்த மின்பகுப்பு முறை அலுமினியத்தின் விலையைக் குறைத்தது. எடையைக் குறைக்க விரும்பியவர்கள் அதை உடனே நாடினர். 1903-இல் ரைட் சகோதரர்களின் விமானத்துக்காக சார்லஸ் டெய்லர் செய்த எஞ்சினின் உடல் அலுமினிய வார்ப்பாகும். அந்த ஆண்டு பிப்ரவரியில் நடந்த சோதனையில் வார்ப்பு உடைந்தது. புதிய வார்ப்பு வந்து சேர ஏப்ரல் ஆகிவிட்டது. ஒரு வார்ப்பு வீணானால் வேலை எவ்வளவு தடைபடும் என்பதற்கு இது சான்று.

அலுமினியத்தில் வெட்டிய மரைக்கு மூன்று பலவீனங்கள் உண்டு. முதலாவது, அது எஃகை விட மென்மையானது. அடிக்கடி கழற்றி மாட்டும் ஸ்பார்க் பிளக் துளைகளில் மரை விரைவில் தேயும். இரண்டாவது, சூடேறும்போது அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரிகிறது. எஞ்சின் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் மரையின் மேல் சுமை மாறுகிறது. மூன்றாவது, இரு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். அரிப்பால் இறுகிப்போன போல்ட்டைக் கழற்றும்போது மரையும் சேர்ந்து வந்துவிடும்.

விமானத்தில் பிறந்த தீர்வு

எடை மிகவும் முக்கியமான விமான எஞ்சின்களுக்காகவே இதற்குச் சிறந்த தீர்வு தேடப்பட்டது. 1930களில் நியூயார்க்கைச் சேர்ந்த ஏர்கிராஃப்ட் ஸ்குரூ புராடக்ட்ஸ் நிறுவனம் கம்பிச் சுருள் முறையை உருவாக்கியது. இதே வகைச் சுருள் பின்னர் ஹெலிகாயில் என்ற பெயரில் உலகெங்கும் அறியப்பட்டது.

இதன் அமைப்பு எளிது. சாய்சதுர வெட்டுமுகமுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பி ஒரு சுருள்வில் போலச் சுற்றப்படுகிறது. அதன் வெளிப்பக்கம் துளையின் மரையிலும் உட்பக்கம் போல்ட்டின் மரையிலும் பொருந்தும். சுருளின் விட்டம் துளையை விடச் சற்றுப் பெரியது. கருவியால் இறுக்கிச் சுருக்கித் திருகிய பின் அது விரிந்து சுவரை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது.

சாதாரண மரையில் முதல் சில சுற்றுகளே பெரும்பகுதிச் சுமையைத் தாங்குகின்றன. சுருள் சற்று நெகிழ்வதால் சுமை எல்லாச் சுற்றுகளுக்கும் பரவுகிறது. மேலும், அலுமினியத்தில் வெட்டப்படும் மரை இப்போது அதிக விட்டமுள்ளது. ஆகவே அது தாங்கும் பரப்பும் கூடுகிறது. இதனால் பழுதுபார்த்த துளை பல நேரங்களில் பழைய துளையை விட வலுவாக அமைகிறது.

போர் கற்பித்த பாடம்

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் 55,000-க்கும் அதிகமாகச் செய்தது. அதற்காகப் பிரிட்டிஷ் அளவு மரைகளையே அமெரிக்கத் தொழிற்சாலையில் வெட்ட வேண்டியிருந்தது. இரு நாட்டு மரைகளும் பார்வைக்கு ஒத்திருந்தன. ஆனால் அரை அங்குலப் போல்ட்டில் பிரிட்டிஷ் முறைப்படி அங்குலத்துக்கு 12 சுற்றுகளும் அமெரிக்க முறைப்படி 13 சுற்றுகளும் இருந்தன. ஓரளவு பொருந்தும் போல்ட், சுத்தமாகப் பொருந்தாத போல்ட்டை விட ஆபத்தானது. சில சுற்றுகள் ஏறிய பின் அது துளையின் மரையையே அழித்துவிடும். போர் முடிந்தபின், 1948-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாடுகளும் 60 பாகைக் கோணமுள்ள ஒரே மரை முறையை ஏற்றன.

கார் பட்டறைக்கு வந்த கதை

கார்களிலும் இலகு உலோகங்கள் பரவியபோது இந்தத் தீர்வும் உடன் வந்தது. வோக்ஸ்வாகன் பீட்டில் காரின் எஞ்சின் உடல் மெக்னீசியக் கலவையால் ஆனது. சிலிண்டர் ஹெட்டைப் பிடிக்கும் நீண்ட போல்ட்டுகள் அதிலிருந்து மரையோடு பிடுங்கிக்கொண்டு வருவது அறியப்பட்ட குறை. 1970களில் அந்நிறுவனம் 10 மி.மீ. போல்ட்டுகளுக்குப் பதில் 8 மி.மீ. போல்ட்டுகளை எஃகுச் செருகிகளுடன் தொழிற்சாலையிலேயே பொருத்தத் தொடங்கியது. பழுதுநீக்கமாக இருந்த ஒன்று வடிவமைப்பின் பகுதியாயிற்று.

பட்டறையில் இவ்வேலை நான்கு படிகளில் நடக்கும். சிதைந்த மரையைத் துளைத்து நீக்க வேண்டும். சுருளுக்குரிய தனி டேப்பால் புதிய மரை வெட்ட வேண்டும். சுருளைத் துளையின் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை திருக வேண்டும். கடைசியில் திருகுவதற்குப் பிடியாக இருந்த சுருளின் வாலை உடைத்து எடுக்க வேண்டும். துளை சாய்ந்தால் போல்ட்டும் சாயும். உலோகத் துகள் சிலிண்டருக்குள் விழுந்தால் எஞ்சினுக்கே கேடு. அதிக அழுத்தமும் வெப்பமும் தாங்க வேண்டிய ஸ்பார்க் பிளக் துளைகளுக்குச் சுருளை விடக் கெட்டியான எஃகுப் புஷ்ஷைப் பலர் விரும்புகின்றனர்.

பெரும்பாலான மரைகள் மூன்று காரணங்களால் போகின்றன: அளவு மீறிய முறுக்கு, அழுக்கு, கோணலாகத் தொடங்கிய போல்ட். போல்ட்டைக் கையாலேயே சில சுற்றுகள் ஏற்றிவிட்டு, பிறகு முறுக்கு அளக்கும் ஸ்பேனரால் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கினால் சுருளுக்குத் தேவையே வராது. வந்துவிட்டால், ஒரு சிறு கம்பிச் சுருள் முழு வார்ப்பையும் காப்பாற்றிவிடும்.