ஓலையும் எழுத்தாணியும்: சாத்திர தானத்தின் கைவினை

ஆகாரம், ஔடதம், அபயம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களை நம் முன்னோர் இல்லறத்தார்க்கு விதித்தனர். இன்று சாத்திர தானம் செய்ய விழைவோர் அச்சகத்திற்குப் பொருள் கொடுத்தால் போதும். ஏட்டுச் சுவடிக் காலத்தில் அஃது அத்துணை எளிதன்று. ஒரு நூலைத் தானமாக அளிப்பதெனில், அதனை ஒருவர் கையால் எழுத வேண்டும். அதற்கு முன்னர் ஓலையும் மையும் கையாலேயே ஆக்கப்பட வேண்டும்.

பனையோலை, தாளிப்பனையோலை என இருவகை ஓலைகள் பயன்பட்டன. பனையோலை தடித்தது, தாளியோலை மெல்லியது, அகன்றது, வளைந்து கொடுப்பது. குருத்தாகவும் இராமல், முற்றியும் போகாமல் உள்ள ஓலையைத் தேர்ந்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அளவாக நறுக்கி நிழலில் உலர்த்துவர். பின்னர் நீரில் வேகவைத்து மீண்டும் உலர்த்துவர். மஞ்சள் சேர்த்து வேகவைப்பதும் உண்டு. உலர்ந்த ஓலையை வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். இவ்வாறு பதப்படுத்துவதே ஓலையைப் பாடம் செய்தல். ஏடுகளில் துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டுவர். கயிற்றின் முனை துளைவழி நழுவாதிருக்க, ஓலைத் துண்டொன்றைக் கிளியின் மூக்குப்போல் கத்தரித்து முடிவர். அதற்குக் கிளிமூக்கு என்றே பெயர்.

எழுத்தாணி கொல்லன் உலையில் பிறப்பது. தலை கனத்த குண்டெழுத்தாணி, ஓலை வாரும் கத்தியும் கூரிய முனையும் ஒரே பிடிக்குள் மடங்கும் மடக்கெழுத்தாணி எனப் பல வகை உண்டு. எழுதுபவர் இடக்கையில் ஏட்டைப் பிடித்து, பெருவிரலில் எழுத்தாணியைத் தாங்கி, ஏட்டை நகர்த்திக்கொண்டே கீறிச் செல்வர். புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமலே எழுதினர். சுவடியைப் படிப்பவர் இடம் நோக்கிப் பொருள் கொள்ள வேண்டியதாயிற்று. பதிப்பாசிரியர்களை அலைக்கழித்த பாடபேதங்கள் பலவற்றிற்கு இதுவும் ஒரு காரணம்.

கீறிய எழுத்து எளிதில் கண்ணுக்குப் புலப்படாது. விளக்குக் கரியையும் கோவையிலை முதலிய பச்சிலைச் சாற்றையும் கூட்டி ஏட்டின்மேல் தடவித் துடைத்தால், மை கீறலுக்குள் தங்கி எழுத்து தெளிவுறும். இதனை மையாடுதல் என்பர்.

இத்துணைப் பாடுபட்டு எழுதிய சுவடியும் நெடுங்காலம் நில்லாது. கரையானும் ஈரமும் அதனைத் தின்றுவிடும். ஆகவே தலைமுறைதோறும் ஒருவர் ஓலை வாரி, பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதியாக வேண்டும். இச்சங்கிலி அறாத இடத்தில் நூல் பிழைத்தது. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கியபோது, குடந்தைச் சமணர் இல்லங்களில் அந்நூல் ஏடாக மட்டுமன்றிப் பாடம் கேட்கும் வழக்கமாகவும் உயிரோடிருந்தது. 1887ஆம் ஆண்டு அஃது அச்சேறியது. சங்கிலி அறுந்த இடத்தில் நூல் மறைந்தது. நம் வளையாபதியின் ஏட்டை இளமையில் திருவாவடுதுறை மடத்தில் கண்டதாக அவரே எழுதுகின்றார். பின்னர்த் தேடியபோது அது கிட்டவில்லை. இன்று பிற நூல்களின் மேற்கோள்வழி எஞ்சிய சில பாடல்களே நமக்கு வளையாபதி.

என் பாட்டனார் வீட்டுப் பரணில் ஒரு சுவடிக்கட்டு இருந்தது. சுருத பஞ்சமிதோறும் அதனை இறக்கி, சந்தனமிட்டு, மலர் சாத்தி வணங்குவோம்; மீண்டும் பரணில் ஏற்றுவோம். கயிற்றை அவிழ்த்து அஃது இன்ன நூல் எனப் பார்த்தவர் எவருமிலர். நாற்பதாண்டுக் காலம் தமிழ் கற்பித்த நானும் பார்த்திலேன். வீடு பிரித்துக் கட்டியபோது இறக்கிப் பார்த்தால், சட்டங்கள் இரண்டும் நலமாயிருந்தன; இடையிலிருந்த ஏடுகள் பொடியாய் உதிர்ந்தன. அந்நூல் யாதென இனி அறிய வழியில்லை.

உங்கள் இல்லத்தில் ஒரு கட்டேனும் இருக்குமாயின், இவ்வாண்டு வணங்குவதோடு நின்றுவிடாதீர்கள். ஒட்டிய ஏடுகளை வலிந்து பிரிக்க வேண்டா. நீர் படவும் விட வேண்டா. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் போன்ற இடங்களில் சுவடியறிந்தோர் உளர். எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி ஏட்டை நெகிழச் செய்யவும், படமெடுத்துப் பாதுகாக்கவும் அவர்கள் அறிவர். ஓலை பாடம் செய்யவும் எழுத்தாணி பிடிக்கவும் நமக்கு இன்று தெரியாது. கட்டை அவிழ்த்துக் காட்டவேனும் நம்மால் இயலும். அதுவும் சாத்திர தானமே.