கோல் போய்ச் சில்லு வந்த கதை

சேந்தமங்கலத்தில் அறுவடை முடிந்த ஒரு வயலில் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே கொல்லிமலை. கையில் வானொலிக் கட்டுப்பாட்டுப் பெட்டி. எதிரே இரண்டு முழ நீளத்தில் ஒரு மாதிரி ஹெலிகாப்டர். அதை மேலே எழுப்புகிறீர்கள். மலைப்பக்கமிருந்து ஒரு காற்று வீசுகிறது. ஹெலிகாப்டர் சற்றே சாய்கிறது. சாய்ந்த பக்கமே நகரவும் தொடங்குகிறது. நீங்கள் பதறிப்போய்ப் பிடியை எதிர்ப்பக்கம் தள்ளுவதற்குள் இறக்கை மண்ணில் அடித்துச் சிதறிவிடும்.

மாதிரி விமானத்தில் இந்தத் தொல்லை குறைவு. கையை எடுத்தாலும் தானே நேராகும்படி அதன் சிறகுகளை அமைத்துவிடலாம். ஹெலிகாப்டரோ விரல் நுனியில் நிறுத்திய கோலைப் போன்றது. அதிலும் உருவம் சிறுக்கச் சிறுக்கத் தொல்லை பெருகும். ஒரு நெடுங்கோலையும் பென்சிலையும் மாறி மாறி விரலில் நிறுத்திப் பாருங்கள். பென்சில்தான் உங்களை முந்திக்கொண்டு விழும்.

இந்தச் சிக்கலுக்கு நல்லதொரு விடை கண்டவர் ஆர்தர் யங் என்ற அமெரிக்கர். 1928-இல் ஆராய்ச்சியைத் தொடங்கிய அவர், பத்தாண்டுகளுக்கு மேல் சிறு மாதிரிகளை மட்டுமே செய்து பறக்கவிட்டு, உடைத்து, மீண்டும் செய்தார். சுழலும் இறக்கைகளுக்குக் குறுக்கே, இரு முனையிலும் எடை கட்டிய ஒரு கோலை அதே தண்டில் பொருத்தினார். வேகமாகச் சுற்றும் பம்பரம் தன் அச்சை எளிதில் மாற்றிக்கொள்ளாது அல்லவா? அதைப் போலவே இந்தக் கோலும், உடல் சாய்ந்தாலும், தான் சுற்றிவந்த தளத்திலேயே சிறிது நேரம் சுற்றும். கோலுக்கும் இறக்கைக்கும் இடையிலுள்ள இணைப்புகள் அந்த வேறுபாட்டை உணர்ந்து, இறக்கையின் சாய்கோணத்தைத் திருத்திவிடும்.

1941-இல் யங் தம் மாதிரியைப் பெல் விமான நிறுவனத்தாரிடம் பறக்கவிட்டுக் காட்டினார். அதன் பயனாகப் பிறந்த பெல் 47, 1946 மார்ச் 8 அன்று அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்பாட்டுக்கான சான்றிதழ் பெற்றது. அத்தகைய சான்றிதழ் பெற்ற முதல் ஹெலிகாப்டர் அதுவே. விளையாட்டுப் பொருள் என்று நாம் எண்ணும் மாதிரியில் முதிர்ந்த ஒரு சாதனம், மனிதனைச் சுமக்கும் வானூர்திக்குப் போனது என்பதைக் கவனியுங்கள்.

ஸ்டான்லி ஹில்லர் என்ற மற்றோர் அமெரிக்கர் கோலின் முனைகளில் எடைக்குப் பதிலாகச் சிறு துடுப்புகளை வைத்தார். ஓட்டுநர் துடுப்புகளைத் திருப்புவார். காற்று துடுப்புகளைத் தள்ளிக் கோலைச் சாய்க்கும். கோல் இறக்கைகளைத் திருப்பும். ஓட்டுநரின் கைக்கு வேலை குறைந்தது.

1960-களின் இறுதியில் ஜெர்மானியரான டீட்டர் ஷ்லூட்டர் வானொலியால் இயங்கும் மாதிரி ஹெலிகாப்டர்களைக் கட்டுக்குள் கொண்டுவந்தபோது, யங்கின் கோல் மீண்டும் மாதிரிகளுக்கே திரும்பியது. பின்னர் பெல் முறையும் ஹில்லர் முறையும் கலந்த துடுப்புக் கோலே வழக்கமாயிற்று. அன்றைய சர்வோ மோட்டார்கள் வலுக்குறைந்தவை. இறக்கையைத் திருப்பும் பளுவில் பெரும்பகுதியைத் துடுப்பு ஏற்றுக்கொண்டது அவற்றுக்குப் பெரும் உதவி.

ஆனால் கோலுக்கு ஒரு குறை உண்டு. காற்று சாய்த்ததா, ஓட்டுநர் வேண்டுமென்றே சாய்த்தாரா என்பது அதற்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றாகவே தடுக்கும். அதை அடக்கமாக்கினால் சொன்னபடி கேட்காது; சொன்னபடி கேட்க வைத்தால் அடக்கம் போய்விடும். எடையைக் கூட்டுவதும் குறைப்பதுமாக மாதிரிக்காரர்கள் பல்லாண்டுகள் இந்தப் பேரத்தை நடத்தினார்கள். போதாததற்கு, சுற்றும் கோல் காற்றைக் கிழிக்க இயந்திரத்தின் ஆற்றலிலும் பங்கு கேட்டது.

மாற்று வழி வாலிலிருந்து வந்தது. வால் சுழலியைத் திருத்த முதலில் சிறு மோட்டாரால் சுழலும் ஜைரோஸ்கோப்பை வைத்தார்கள். 1990-களில் அந்த இடத்துக்குச் சுழலும் உறுப்பே இல்லாத பீசோ மின் ஜைரோக்கள் வந்தன. அடுத்தது சிலிக்கன் சில்லு. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு அதிர்ந்துகொண்டே இருக்கிறது. சில்லு திரும்பினால் அதிர்வு பக்கவாட்டில் விலகும். விலகலை அளந்தால் திரும்பும் வேகம் கிடைக்கும். மூன்று அச்சுகளுக்கு மூன்று உணரிகள் வைத்து, சிறு கணிப்பொறியையும் வேகமான சர்வோக்களையும் சேர்த்தபோது கோலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. 2000-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் ஜெர்மனியின் மிக்காடோ நிறுவனத்து வி-ஸ்டாபி போன்ற கருவிகள் இதைப் பரப்பின. நீங்கள் கேட்ட வேகம் என்ன, உடல் உண்மையில் திரும்பும் வேகம் என்ன என்று கருவி ஒப்பிடுகிறது. வேறுபாட்டை மட்டுமே திருத்துகிறது. கோலுக்குத் தெரியாத உங்கள் விருப்பம் இதற்குத் தெரியும். இவ்வகைக் கருவி கிடைமட்டத்தைத் தானே தேடிப் பிடிக்கும் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அதற்கு முடுக்கத்தை அளக்கும் உணரிகளும் தேவை.

செவ்வாய்க் கோளில் பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரிலும் கோல் கிடையாது. அதன் தலைமைப் பொறியாளர் பாபு பாலராம் என்று நம்மவர் அழைக்கக்கூடிய பாப் பாலராம், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் படித்தவர். அங்குக் காற்றின் அடர்த்தி நம் காற்றில் நூற்றில் ஒரு பங்குதான். அந்தக் காற்றில் ஹில்லரின் துடுப்பு எதைத்தான் தள்ளும்? செவ்வாய்க் காற்றைப் போல் மெலிந்த காற்று நிரப்பிய அறையில், தொடக்கக் காலச் சோதனை மாதிரியை மனிதர் கைப்பிடியால் ஓட்டிப் பார்த்தார். அது கட்டுக்கடங்காமல் துள்ளியது. மேலும், பூமியிலிருந்து ஆணை போய்ச்சேரவே பல நிமிடங்கள் ஆகும். எனவே 1.8 கிலோ எடையுள்ள அந்தச் சிறு ஊர்தியே தன் நிலையை விநாடிக்கு 500 முறை சரிபார்த்துத் திருத்தியது. அதிலிருந்த ஜைரோக்கள் கைபேசிகளில் வைக்கும் வகையைச் சேர்ந்தவை.

2021 ஏப்ரல் 19 அன்று முதன்முறை எழும்பிய இன்ஜெனுயிட்டி 72 முறை பறந்தது. 2024 ஜனவரி 18 அன்று, அடையாளம் ஏதுமற்ற மணற்பரப்பின் மேல், கீழ்நோக்கிய படக்கருவி பிடித்துக்கொள்ளப் போதுமான கல்லோ மேடோ இல்லாமற்போனது. தான் பக்கவாட்டில் எவ்வளவு வேகமாக நகர்கிறோம் என்பதை ஊர்தி சரியாக அறிய முடியவில்லை. தரையிறங்கியபோது இறக்கைகள் முறிந்தன.