ஆங்கிலம் தொலைத்த 'நீ'

இங்கே பிறந்த பேரப்பிள்ளை அம்மம்மாவை 'நீ' என்று கூப்பிட்டால் நமக்குச் சுருக்கென்கிறது. ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதானே, பிள்ளை என்ன செய்யும் என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். அந்தச் சமாதானம் சரிதானா?

பழைய ஆங்கிலத்தில் ஒருவருக்கு 'தௌ', பலருக்கு 'யீ'. செயப்படுபொருளாகும்போது அவை 'தீ', 'யூ' என மாறும். அதாவது, இன்றைய 'யூ' அன்று 'உங்களை'. மரியாதைக்கு இதில் இடமிருக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டளவில் பிரெஞ்சுப் பழக்கத்தை ஒட்டி, மேலோருக்குப் பன்மை வழங்கத் தொடங்கியது. 'தௌ' பிள்ளைக்கும் வேலைக்காரனுக்கும் நெருங்கியவருக்கும் உரியதாயிற்று, கடவுளுக்கும்தான். 16ஆம் நூற்றாண்டில் 'யூ' எழுவாயின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. 1611இன் ஜேம்ஸ் மன்னர் பைபிள் மட்டும் பழைய வேறுபாட்டைப் பேணியது.

1603இல் வோல்டர் ராலி மீதான தேசத்துரோக வழக்கில், சட்டமா அதிபர் எட்வர்ட் கோக் அவரைத் 'தௌ' என்றழைத்ததோடு நிற்காமல், அச்சொல்லையே வினையாக்கியும் வசைபாடினார்.

அரை நூற்றாண்டு கழித்து, குவேக்கர்கள் எவருக்கும் பன்மை கொடுக்க மறுத்தார்கள். நீதிபதிக்கும் 'தௌ'தான். அதற்காக அடியும் வாங்கினார்கள். ஜோர்ஜ் ஃபொக்சும் தோழர்களும் 1660இல், பல மொழிகளின் ஒருமை பன்மையைக் காட்டி ஒரு நூலே வெளியிட்டனர். (பின்னாளில் குவேக்கர்களே எழுவாயாகத் 'தீ'யைப் பயன்படுத்தியது வேறு கதை.)

ஊரோ வம்பு வேண்டாமென்று எல்லோருக்கும் 'யூ' சொல்லிப் பழகிவிட்டது. தொலைந்தது 'நீ', மிஞ்சியது 'நீங்கள்'. ஆக, பேரப்பிள்ளை ஆங்கிலத்திலிருந்து நேராக மொழிபெயர்த்திருந்தால், அம்மம்மாவுக்கு 'நீங்கள்' அல்லவா கிடைத்திருக்க வேண்டும்?