தள வாடகை (தூத்துக்குடித் துறைமுகம்)

கப்பல் தளத்தை ஒட்டி ஒரு கப்பல் நிற்கும் நேரத்துக்குத் துறைமுகம் வாங்கும் கட்டணம் தள வாடகை. துறைமுக வட்டாரத்தில் 'பெர்த் ஹையர்' என்றால்தான் சட்டென்று விளங்கும். 1935-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத் தெருவில் கார்களுக்காக நட்ட காசு மீட்டரும் இதைத்தான் செய்தது: நிற்கும் இடத்துக்கு மணிக் கணக்கில் விலை வைத்தது.

தூத்துக்குடிக்கு இந்தக் கணக்கு பிந்தித்தான் வந்தது. இந்த ஊரின் பழைய கடல்தொழிலான முத்துக்குளிப்பில் அரசு கேட்டது சிப்பியில் பங்கு. நேரத்துக்கு அங்கே விலை இல்லை. 1868-இல் சிறு நங்கூரத் துறைமுகமாக அறிவிக்கப்பட்ட ஊரில் கரையோரக் கடலுக்கு ஆழம் போதாது. நீராவிக் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கு தோணியில் போய்த்தான் ஏறியது. தளத்தைத் தொடாத கப்பலிடம் தள வாடகை கேட்பது எப்படி?

1974 ஜூலை 11 அன்று புதிய துறைமுகம் நாட்டின் 10-ஆவது பெரிய துறைமுகமானது. கடலுக்குள் நீளும் இரண்டு கல் அலைதடுப்புச் சுவர்களில் வடக்குச் சுவர் மட்டுமே 4 கிலோமீட்டரைத் தாண்டும். அவற்றுக்கு நடுவே அடங்கிய நீரில் கப்பல்கள் தளத்தை அணைந்து நின்றன. கடிகாரமும் ஓடத் தொடங்கியது.

கப்பலின் மொத்தப் பதிவு டன்னேஜை நின்ற நேரத்தாலும் வீதத்தாலும் பெருக்கினால் வாடகை வரும். அயல்நாட்டுப் பயணக் கப்பல்களுக்கு வீதம் டாலரில். இந்தியத் துறைமுகங்களில் முன்பு நாள் கணக்கும் 8 மணி நேர ஷிப்டுக் கணக்கும் இருந்தன. ஷிப்டுக் கணக்கில், ஒன்பதாவது மணியில் கயிறு அவிழ்த்த கப்பல் 16 மணி நேரத்துக்குப் பணம் கட்டும். பின்னர் மணியே அலகாயிற்று.

1997-இல் அமைந்த பெருந்துறைமுகக் கட்டண ஆணையத்தின் நெறிமுறைகளில் உள்ள ஒரு விதியே இந்த வரலாற்றின் நேர்மையான திருத்தம். புறப்படத் தயார் என்று கப்பல் சைகை கொடுத்த 4 மணி நேரத்தில் வாடகை நின்றுவிடும். பைலட் வரத் தாமதமானால் அந்தச் செலவு இனி கப்பலின் தலையில் விழாது. ஓதத்துக்கும் நல்ல வானிலைக்கும் காத்திருக்கும் நேரம் இந்த 4 மணி நேரத்தில் சேராது. கடல் செய்யும் தாமதத்துக்குத் துறைமுகம் பொறுப்பல்ல. தயாராகாமலே சைகை கொடுத்தால் ஒரு முழு நாள் வாடகை அபராதம்.

2021-ஆம் ஆண்டின் பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டத்துக்குப் பிறகு, வீதத்தை, இப்போது வ.உ.சிதம்பரனார் துறைமுகம் எனப்படும் தூத்துக்குடித் துறைமுகத்தின் வாரியமே நிர்ணயிக்கிறது.