மார்த்தாண்டம் ஊரகச் சீரமைப்பு மையம்

மார்த்தாண்டம் ஊரகச் சீரமைப்பு மையம், கிறிஸ்தவ வாலிபர் சங்கம் (ஒய்.எம்.சி.ஏ.) இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் 1920களில் தொடங்கிய செயல்விளக்க மையம். அப்போது அந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. சபை மக்களுக்கும் அவர்களின் அண்டை வீட்டாருக்கும் திருந்திய வேளாண்மையையும் துணைத்தொழில்களையும் கற்பிக்க இந்தியாவில் நடந்த முயற்சிகளில் பெரிதும் பேசப்பட்டவற்றுள் இது ஒன்று.

வேளாண் கல்வி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னைச் சைதாப்பேட்டையில் 1860களிலேயே அரசு மாதிரிப் பண்ணை அமைத்தது. அதையொட்டி எழுந்த வேளாண் பள்ளி 1906இல் கோவைக்கு மாறியது. பண்ணையில் தேறியதைக் குடியானவரிடம் கொண்டுசேர்ப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. சபைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. மக்கள் ஞாயிறுதோறும் ஓரிடத்தில் கூடுவார்கள்; எழுதப் படிக்கத் தெரிந்த உபதேசியார் ஊரிலேயே இருப்பார். மிஷனரி சாம் ஹிக்கின்பாட்டம் 1910இல் அலகாபாத்தில் வேளாண் நிறுவனம் தொடங்கியதும், சேலத்தில் பிறந்த கே. டி. பால் (1876–1931) வாலிபர் சங்கத்தைக் கிராமங்களுக்குத் திருப்பிக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை வளர்த்ததும் இந்த வசதியைப் பயன்படுத்திய முன்முயற்சிகள்.

மார்த்தாண்டம் மையத்தை உருவாக்கியவர் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச். அவர் மனைவி எமிலியும் உடன் பணியாற்றினார். ஆன்மா, அறிவு, உடல், பொருள், சமூகம் என்னும் ஐந்து முனைத் திட்டம் அவருடையது. அதில் பொருள் முனையே ஊராரை முதலில் இழுத்திருக்கும் என்று கருதலாம். கைமுதல் இல்லாதவரும் செய்யக்கூடியதையே கற்பிக்க வேண்டும், உழைப்பு ஊராருடையதாகவும் ஆலோசனை மட்டும் மையத்துடையதாகவும் இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஆகவே துண்டு நிலக்காரருக்கு உகந்த கோழி வளர்ப்பும் தேனீ வளர்ப்பும் முன்னுக்கு வந்தன. முட்டையைக் கூட்டுறவில் விற்றார்கள். கோடைகாலப் பயிற்சிப் பள்ளிக்கு வெளியூர்களிலிருந்தும் ஊழியர்கள் வந்தார்கள். சாதி, சமயம் பார்த்து எவரையும் விலக்கவில்லை.

தேனில்தான் மையத்தின் பெயர் நிலைத்தது. அதுவரை புகைபோட்டு ஈக்களை விரட்டி, அடையைப் புழுவோடு சேர்த்துப் பிழிவதே வழக்கம். அடுத்த பருவத்துக்குக் கூடு மிஞ்சாது. மையம் கற்பித்தபடி, சட்டங்கள் பொருத்திய பெட்டியில் அடையைத் தனியே எடுத்து, கருவியிலிட்டுச் சுழற்றித் தேனை வடித்து, அதே அடையைத் திரும்ப வைத்துவிடலாம். நம் நாட்டுத் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியைத் திருச்சியில் பாதிரியார் நியூட்டன் 1910களிலேயே வடிவமைத்துக் கிராமத்தாருக்குப் பயிற்சியும் அளித்திருந்தார். பின்னாளில் பரவிய ரப்பர் தோட்டங்கள் மார்த்தாண்டத்துக்குக் கைகொடுத்தன. ரப்பர் மரம் துளிர்க்கும்போது இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரே இங்கு முக்கியத் தேன்வரத்து.

ஹாட்ச் தம் அனுபவங்களை 1932இலும் 1938இலும் நூல்களாக வெளியிட்டார். தாகூரின் ஸ்ரீநிகேதன், பிரெய்னின் குர்கான் திட்டம் ஆகிய ஊரகச் சீரமைப்பு முயற்சிகளோடு மார்த்தாண்டத்தையும் 1952இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் முன்னோடியாகப் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. நெல் விளைச்சலில் இம்மையம் பெரும் மாற்றம் கொண்டுவந்ததாகச் சொல்வது மிகை. துணைவருமானத்துக்கு வழிகாட்டியதே அதன் சாதனை.

1990களின் தொடக்கத்தில் பரவிய வைரஸ் நோயால் தென்னிந்திய நாட்டுத் தேனீக் கூடுகளில் பெரும்பகுதி அழிந்தது. தொழில் மெல்ல மீண்டது. மார்த்தாண்டம் தேனுக்கு இன்று புவிசார் குறியீடு உண்டு.