ஒருசந்தியும் சுத்தபோசனமும்: மைசூரு மறைப்பணியில் துறவறமும் இல்லறமும்

தமிழ்க் கத்தோலிக்கர் தவக்காலத்தில் பயன்படுத்தும் இரு சொற்கள் கவனத்திற்குரியவை. ஒருவேளை மட்டும் முழு உணவு கொள்வது ‘ஒருசந்தி’. புலால் நீக்கி உண்பது ‘சுத்தபோசனம்’. முதற்சொல்லின் கருத்து சமய எல்லையைக் கடந்தது. தமிழின் ‘ஒருபொழுது’, கன்னடத்தின் ‘ஒப்பொத்து’ ஆகியனவும் அதே நோன்பையே குறிக்கின்றன. இரண்டாம் சொல்லோ ஒரு வினாவை எழுப்புகிறது: புலால் நீக்கிய உணவு ‘சுத்தம்’ என்றால், அன்றாடம் புலால் உண்பவரின் அடுக்களை எத்தகையது?

இவ்வினாவின் வேர் மறைப்பணி வரலாற்றில் உள்ளது. மதுரையில் இராபர்ட் தெ நொபிலி மேற்கொண்ட சந்நியாசிக் கோலத்தை, 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்ரீரங்கப்பட்டணம் வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி லியோனார்தோ சின்னமி மைசூரு நாட்டிலும் தொடர்ந்தார். காவியுடையும் மரக்கறி உணவும் அவர்களுக்குத் தவமாகவும் நுழைவுச்சீட்டாகவும் அமைந்தன. துறவின் தூய்மையும் சாதியின் தூய்மையும் ஒரே உடைக்குள் புகுந்த இடம் இதுவே.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், சிதறிய கிறித்தவரைத் திரட்ட மைசூரு நாட்டிற்கு வந்தவர் பிரெஞ்சுக் குரு துபுவா. அவரும் உள்நாட்டு உடை உடுத்தினார், புலால் நீக்கினார். 1823இல் இந்தியாவை விட்டு நீங்கினார். அதே ஆண்டு இலண்டனில் வெளியான அவருடைய கடிதங்கள், இந்துக்களை மனமாற்றம் செய்வது இயலாது என்றே வாதிட்டன. ஆயினும் அவர் வாழ்வின் மற்றொரு பக்கம் வேறு கதை சொல்கிறது. ஹாசன் அருகே சத்தஹள்ளியில் வேளாண் குடியிருப்பை அமைத்தார். பெரியம்மைத் தடுப்பூசியைப் பரப்பினார். 1803-04இல் 25,432 பேர் அதனைப் பெற்றனர் என்பது பதிவு. உழுவதும் நோய் தடுப்பதும் எவருடைய உணவையும் சுத்தம், அசுத்தம் எனப் பிரிப்பன அல்ல.

துறவியின் ஒழுக்கம் இல்லறத்தாருக்கு எவ்வாறு சென்றது? குரு வருவதே அரிதான ஊர்களில் செபத்தையும் நோன்பையும் நடத்தியவர்கள் உபதேசியார்களே. அவர்களுக்காகவே வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலை இயற்றினார். தலைப்பின் தேர்வு நுட்பமானது. ‘ஒழுகு’ என்னும் வினையடியில் பிறந்த ‘ஒழுக்கம்’ இடையறாத நடையைக் குறிக்கும். ஒருநாள் நோன்போடு முடிவதன்று. போதிக்க வருபவர் முதலில் அதன்படி வாழவேண்டும் என்பதும் அத்தலைப்பிலேயே அடங்கியுள்ளது.

1933இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டிய புனித பிலோமினா பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் இன்று மைசூருவின் அடையாளமாக நிற்கின்றன. ஆனால் அந்நாட்டுக் கிறித்தவத்தை நெடுங்காலம் தாங்கியவை கோபுரங்கள் அல்ல. வைகறைச் செபமும் ஒருவேளை உணவும் அடக்கிய நாவுமே. அவ்வரலாற்றை ஏற்கும்போது அதன் சொற்களையும் எடைபோட வேண்டும். ‘ஒருசந்தி’ தன் பசியை அளக்கும் சொல். ‘சுத்தபோசனம்’ பிறர் உணவையும் சேர்த்து அளந்துவிடுகிறது. ‘இறைச்சி தவிர்த்தல்’ என்ற நேரடிச் சொல் கையில் இருக்கையில், தன்னை ஒறுக்கும் நோன்பு அயலாரின் உலையை இழித்துரைக்கத் தேவையில்லை.